சுமேரிய மாணவர்களின் கையெழுத்தைப் படித்தவர்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘பண்டைய நாகரிகங்கள்’ பாடத்தை நடத்தும்போது மெசபடோமியாவுக்கு நமக்குக் கிடைப்பது ஓரிரு பாடவேளைதான். யூப்ரடீஸ், டைக்ரிஸ், சிகுராட், கியூனிபார்ம், ஹமுராபி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, வரைபடத்தில் இடத்தைக் காட்டிவிட்டு, அடுத்த நாகரிகத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் எந்த ஆண்டு நடத்தினாலும் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை: “டீச்சர், இப்ப யாருமே பேசாத மொழியை எப்படிப் படிச்சாங்க?”

நல்ல கேள்வி. ‘அறிஞர்கள் ஆராய்ந்து படித்தார்கள்’ என்ற விடை பிள்ளைகளுக்குப் போதாது, நமக்கும் போதாது. அந்த அறிஞர்களில் ஒருவரையாவது பெயரோடும் ஊரோடும் அறிந்துவைத்திருந்தால் பாடத்துக்கு உயிர் வரும். அப்படி நான் தேடிப் படித்தவர்களில் ஆசிரியர்களாகிய நமக்கு மிக நெருக்கமாகத் தோன்றியவர் சாமுவேல் நோவா கிரேமர். அவரும் சில காலம் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பது ஒரு காரணம். அவர் வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்து படித்ததில் பெரும்பகுதி ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளி மாணவர்களின் பயிற்சி எழுத்து என்பது இன்னொரு காரணம்.

கிரேமர் 1897 செப்டம்பர் 28 அன்று, அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனில் உள்ள ஷாஷ்கிவ் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். யூதர்கள்மீது வன்முறை பெருகிய காலம் அது. 1905இல் குடும்பம் கடல் கடந்து அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் குடியேறியது. தந்தை அங்கே எபிரேய மொழிப் பள்ளி ஒன்றை நடத்தினார். படித்து முடித்த மகன் அதே பள்ளியில் ஆசிரியரானார். பிறகு எழுத்துத் துறையில் முயன்றார். வணிகத்திலும் இறங்கிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. முப்பது வயது நெருங்குகிறது, இன்னும் நிலையான தொழில் இல்லை என்ற கவலை அவருக்கு வந்தபோது, சிறுவயதில் பாடாய்ப்பட்டுக் கற்ற எபிரேயத்தையாவது ஏதேனும் ஒரு கல்விப் பணிக்குப் பயன்படுத்தலாமே என்று யோசித்தார். டிராப்ஸி கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஆப்பு வடிவ எழுத்தைக் கற்பித்த எப்ரைம் ஸ்பைசர் மாணவரைவிட ஐந்து வயது இளையவர்! 1929இல் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டு ஈராக்கில் அகழாய்வுப் பணி. 1932இல் சிகாகோவின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் அசிரிய மொழி அகராதித் திட்டத்தில் வேலை. அங்கேதான் சுமேரிய இலக்கணத்தை 1923இல் முறையாக எழுதி வெளியிட்டிருந்த ஆர்னோ போபெல் என்ற ஜெர்மானிய அறிஞரிடம் சுமேரியம் கற்றார். அப்போது கிரேமருக்கு வயது முப்பத்தைந்து.

இங்கே மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம். மெசபடோமியாவில் பல மொழிகள் ஒரே ஆப்பு வடிவ எழுத்தில் எழுதப்பட்டன. அவற்றில் அக்காடிய மொழி எபிரேயத்துக்கும் அரபுக்கும் உறவுடையது. அதனால் அதைப் படிக்க ஒரு பிடி இருந்தது. 1857இல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி ஒரு சோதனை வைத்தது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டுப் பிரதி ஒன்றை நான்கு அறிஞர்கள் தனித்தனியே மொழிபெயர்த்து முத்திரையிட்ட உறையில் அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தபோது நான்கும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அக்காடியம் படிக்கப்பட்டுவிட்டது என்று உலகம் ஏற்றுக்கொண்டது. சுமேரியம் அப்படியல்ல. உறவென்று உறுதியாகச் சொல்ல எந்த மொழியும் அதற்கு இல்லை. தனித்து நிற்கும் மொழி.

பிறகு எப்படிப் படித்தார்கள்? பள்ளிக்கூடம் உதவியது. கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்தில் சுமேரியம் பேச்சுவழக்கிலிருந்து மறைந்தது. வீட்டில் பிள்ளைகள் அக்காடியம் பேசினார்கள். ஆனால் கோயிலிலும் அரசவையிலும் பள்ளியிலும் சுமேரியம் படித்தவர்களின் மொழியாகத் தொடர்ந்தது. எனவே ஆசிரியர்கள் சொற்பட்டியல்களைத் தயாரித்தார்கள். மரங்கள், மரச்சாமான்கள், விலங்குகள், கற்கள், ஊர்கள் என்று வகைவகையாகப் பிரித்து, நம் பழைய நிகண்டுகளைப்போல மனப்பாடம் செய்யவைத்தார்கள். காலப்போக்கில் சுமேரியச் சொல்லுக்கு எதிரே அக்காடியச் சொல்லையும் எழுதிவைத்தார்கள். அந்த மாணவர்களுக்காக எழுதப்பட்ட இருமொழிப் பட்டியல்கள்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்களுக்கும் அகராதியாக அமைந்தன. ‘யாருமே பேசாத மொழியை எப்படிப் படித்தார்கள்’ என்று கேட்கும் பிள்ளையிடம், “உன்னைப்போல ஒரு பிள்ளை அந்த மொழியைப் பாடமாகக் கஷ்டப்பட்டுப் படித்ததால்தான் நாமும் படிக்க முடிகிறது” என்று சொன்னால் புரிந்துகொள்ளும்.

மொழி புரிந்தால் போதாது. படிக்க நூல் வேண்டுமே! கிரேமரின் உண்மையான உழைப்பு இங்கேதான் தொடங்குகிறது.

தெற்கு ஈராக்கில் நிப்பூர் என்ற பழைய நகரம். என்லில் கடவுளின் கோயில் இருந்த ஊர். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1889 முதல் 1900 வரை அங்கே அகழாய்வு நடத்தியது. பல்லாயிரம் களிமண் பலகைகள் கிடைத்தன. ஆனால் அவற்றில் மிகப் பல உடைந்த துண்டுகள். நிலம் அப்போது ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்ததால் ஒரு பகுதி இஸ்தான்புல் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒரு பகுதி பிலடெல்பியாவுக்கு வந்தது. அகழாய்வில் பங்கேற்ற ஹில்ப்ரெக்ட் என்ற பேராசிரியரின் தனிச் சேகரிப்பு ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தை அடைந்தது. இப்படி ஒரே ஊரின், சில சமயம் ஒரே பலகையின் துண்டுகள் மூன்று நாடுகளில் கிடந்தன.

இனன்னா என்ற பெண் தெய்வம் பாதாள உலகுக்கு இறங்கிப் போகும் கதை இதற்கு நல்ல சான்று. கதை எழுதிய ஒரு பலகையின் மேல்பாதி இஸ்தான்புல்லில் இருந்தது. அதை ஸ்டீபன் லாங்டன் என்ற அறிஞர் படியெடுத்து வெளியிட்டிருந்தார். அதே பலகையின் கீழ்ப்பாதி பிலடெல்பியாவில் இருப்பதை எட்வர்ட் சியேரா கண்டுபிடித்தார். மண்ணுக்குள்ளேயோ தோண்டும்போதோ இரண்டாக உடைந்து, ஆளுக்கொரு திசையில் கப்பலேறியிருந்தது. சியேரா 1933இல் காலமானார். அவர் படியெடுத்து வைத்திருந்த சுமேரிய இலக்கியப் பிரதிகளை அச்சுக்குத் தயார்செய்யும் பணி கிரேமரிடம் வந்தது. 1937இல் கிரேமர் இந்தக் கதையின் முதல் பதிப்பை வெளியிட்டார்.

ஆனால் முடிவுப் பகுதி கிடைக்கவில்லை. இறந்துபோன கணவன் துமுசியை மீட்கத்தான் இனன்னா பாதாளம் போனாள் என்று அறிஞர்கள் நீண்ட காலம் நம்பிவந்தார்கள். சாவித்திரி கதை கேட்டு வளர்ந்த நமக்கும் அப்படித்தானே தோன்றும்? பின்னர் யேல் பல்கலைக்கழகச் சேகரிப்பிலிருந்து இன்னொரு பலகை கிடைத்தது. 1951இல் கிரேமர் அதையும் சேர்த்துத் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். கதை தலைகீழாக இருந்தது! இனன்னா பாதாளத்திலிருந்து மீண்டு வருகிறாள். தனக்கு ஈடாக ஒருவரை அனுப்பியாக வேண்டும். தன் பிரிவுக்குத் துக்கம் காக்காமல் நல்ல உடை அணிந்து ஆசனத்தில் வீற்றிருந்த கணவனைப் பார்த்ததும் கோபம் கொண்டு, அவனையே பாதாளத்துப் பேய்களிடம் பிடித்துக் கொடுத்துவிடுகிறாள். காணாமற்போன இடத்தை நம் ஊகத்தால் நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்று ஆசிரியர்கள் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1937இல் குகன்ஹைம் நிதியுதவி பெற்று கிரேமர் இஸ்தான்புல் போனார். அங்கே நிப்பூரின் இலக்கியப் பலகைகளிலும் துண்டுகளிலும் 170ஐப் படியெடுத்தார். படியெடுப்பது என்றால் ஒளிப்படம் எடுப்பதல்ல. துண்டைக் கையில் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு ஆப்புக் குறியையும் தாளில் வரைய வேண்டும். தேய்ந்த குறியா, கீறலா, மண் ஒட்டியிருக்கிறதா என்று கண் தீர்மானிக்க வேண்டும். உள்ளங்கை அளவுப் பலகையில் பல பத்து வரிகள் இருக்கும். பின்னாளிலும் பலமுறை இஸ்தான்புல்லுக்குப் போனார். 1950களில் யேனாவுக்கும் போனார். 1942இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குத் திரும்பியவர், 1968இல் ஓய்வுபெறும்வரை அங்கேதான் பலகைகளோடு இருந்தார்.

இஸ்தான்புல்லில் அவருக்குத் துணைநின்றவர்களில் முவஸ்ஸெஸ் சீ, ஹத்திஜே கிசில்யாய் என்ற இரு துருக்கியப் பெண்கள் உண்டு. முவஸ்ஸெஸ் சீ முதலில் ஆசிரியர் பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளியில் பணியாற்றியவர். பிறகு அங்காரா பல்கலைக்கழகத்தில் சுமேரியமும் அக்காடியமும் கற்று, 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தார். சேமிப்பறையில் குவிந்துகிடந்த பல்லாயிரம் பலகைகளைத் துடைத்து, வகைப்படுத்தி, எண்ணிட்டு அடுக்கியதில் இந்த இருவருக்கும் பெரும் பங்கு. அந்த எண் இல்லாமல் எந்தப் பேராசிரியர் வந்தாலும் எந்தத் துண்டையும் தேடி எடுத்திருக்க முடியாது. கிரேமரின் நூலைத் துருக்கியில் மொழிபெயர்த்தவரும் முவஸ்ஸெஸ் சீதான். 2024இல் தம் 110ஆம் வயதில் காலமானார்.

இப்போது நம் கதைக்கு, அதாவது பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன். சுமேரியர்கள் பள்ளியை ‘எடுப்பா’ என்றார்கள். ‘பலகை வீடு’ என்று பொருள். தலைமை ஆசிரியருக்கு ‘உம்மியா’ என்று பெயர். வல்லுநர் என்று பொருள். அவரைப் ‘பள்ளித் தந்தை’ என்றும், மாணவனைப் ‘பள்ளி மகன்’ என்றும், உதவியாசிரியரைப் ‘பெரிய அண்ணன்’ என்றும் அழைத்தார்கள். கிரேமர் 1949இல் வெளியிட்ட ஒரு சுமேரியப் படைப்பு இந்தப் பள்ளியின் ஒரு நாளை நம் கண்முன் நிறுத்துகிறது. அதை அவர் ஒரு முழுப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. 21 பிரதிகள், துண்டுகள்: பிலடெல்பியாவில் 13, இஸ்தான்புல்லில் 7, பாரிஸின் லூவ்ரில் 1. ஒன்றில் உடைந்த வரி இன்னொன்றில் இருக்கும். அப்படி ஒட்டி ஒட்டிச் சேர்த்தார்.

கதை இதுதான். ஒரு பையனிடம், பள்ளியில் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். பலகையை ஒப்பித்தேன், சாப்பிட்டேன், புதுப் பலகை பிசைந்து எழுதி முடித்தேன் என்கிறான். மாலையில் வீடு திரும்பி அப்பாவிடம் ஒப்பித்துக் காட்டுகிறான், அப்பாவுக்கு மகிழ்ச்சி. மறுநாள் விடியலில் அம்மாவை எழுப்பி மதியச் சாப்பாடு கேட்கிறான். அம்மா இரண்டு ரொட்டி கொடுத்தனுப்புகிறாள். ஆனால் பள்ளிக்குத் தாமதமாகிவிடுகிறது. நெஞ்சு படபடக்க உள்ளே நுழைந்து ஆசிரியரை வணங்குகிறான். அன்று முழுக்க அடிதான். அனுமதியின்றிப் பேசியதற்கு ஒருவர் அடிக்கிறார், எழுந்து நின்றதற்கு ஒருவர், வாசலைத் தாண்டியதற்கு ஒருவர். சுமேரியத்தில் பேசாததற்கு இன்னொருவர். கையெழுத்து சரியில்லை என்று ஆசிரியரே அடிக்கிறார். பையன் யோசித்து அப்பாவிடம் ஒரு வழி சொல்கிறான்: வாத்தியாரை வீட்டுக்கு விருந்துக்கு அழைப்போம்! அப்பாவும் அழைக்கிறார். ஆசிரியரை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தி, விருந்து படைத்து, புத்தாடை உடுத்தி, அன்பளிப்பு தந்து, விரலில் மோதிரம் அணிவிக்கிறார். உடனே ஆசிரியரின் மனம் குளிர்கிறது. பையனை வானளாவப் புகழ்ந்து வாழ்த்துகிறார்.

இதைத்தான் நம் ஊரில் காக்காய் பிடிப்பது என்கிறோம். உலகத்தின் முதல் காக்காய் பிடித்தல் என்ற பொருளில்தான் கிரேமரும் தம் நூலில் இதற்குத் தலைப்பிட்டார். அந்தக் காலத்திலும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவாகத்தான் இருந்திருக்கும்போல என்று ஒரு கிண்டலும் சேர்த்துக்கொண்டார். படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு செய்திகளில் எனக்கு மனம் நின்றுவிடுகிறது.

முதலாவது, சுமேரியத்தில் பேசாததற்கு விழுந்த அடி. அந்தப் பையன் வீட்டில் பேசியது அநேகமாக அக்காடியம். தாய்மொழியில் பேசியதற்குப் பள்ளியில் தண்டனை! ஆங்கிலத்தில் பேசாவிட்டால் அபராதம் கட்டச் சொன்ன பள்ளியிலிருந்து நம் பள்ளிக்கு மாறிவந்த பிள்ளைகளைப் பார்த்திருப்போம். இந்தப் பழக்கத்தின் வயது நாலாயிரம் ஆண்டு.

இரண்டாவது, இதை எழுதியவர் யார் என்பது. ஒரு பள்ளி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பது கிரேமரின் கருத்து. தன்னையே கேலி செய்துகொண்ட ஓர் ஆசிரியர். அந்தக் கேலியைப் பாடமாகவும் வைத்திருக்கிறார். 21 பிரதிகள் கிடைக்கக் காரணமே மாணவர்கள் இதைப் பயிற்சிக்காகத் திரும்பத் திரும்ப எழுதியதுதான். வாத்தியார் பரிசு வாங்கி மனம் மாறும் வரியை, வாத்தியாருக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிய பிள்ளைகளின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஒரு படைப்பு மட்டுமல்ல. பழைய சுமேரிய இலக்கியமாக இன்று நாம் படிப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டை ஒட்டி மாணவர்கள் எழுதிப் பழகிய பலகைகளிலிருந்து கிடைத்தவை. கில்காமெஷ் பற்றிய சுமேரியக் கதைகளும் இனன்னா கதையும் இவ்வாறே வந்தவை. அரசனின் நூலகத்துக்காக அழகாக எழுதிவைத்தவை அல்ல; வேலை முடிந்ததும் தூக்கி எறிந்தவை, அல்லது மறுபடி பிசைய ஊறப்போட்டவை. எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. ஆண்டு முடிவில் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகும் நம் பிள்ளைகளின் நோட்டுகளை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பலகைகளிலேயே கற்பித்தல் முறையும் பதிந்திருக்கிறது. ஒரு வகைப் பலகையில் இடப்பக்கம் ஆசிரியர் மாதிரி எழுதியிருப்பார். வலப்பக்கம் மாணவன் பார்த்து எழுத வேண்டும். தவறினால் வழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். வழித்து வழித்து வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட மெலிந்துபோன பலகைகள் இருக்கின்றன. இன்னொரு வகை, உள்ளங்கையில் அடங்கும் வட்டப் பலகை. மேலே ஆசிரியர் எழுதிய இரண்டு மூன்று வரி, கீழே மாணவன் எழுதியது. நம் இரட்டைக்கோடு நோட்டில் முதல் வரியை நாம் எழுதிக்கொடுப்பதுபோலத்தான். முதலில் ஆப்புக் குறியை அழுத்தப் பழகுதல், பிறகு அசைகள், பிறகு ஆட்பெயர்கள், சொற்பட்டியல்கள், பெருக்கல் வாய்ப்பாடு, பழமொழிகள், பத்திரம் எழுதும் மாதிரிகள். அதன் பின்னரே இலக்கியம். வாய்ப்பாடு நம்முடையதைவிடக் கடினம். அவர்களுடைய எண்முறை அறுபதை அடிப்படையாகக் கொண்டது. பிலடெல்பியா சேகரிப்பில் ஒரு பலகையில் பல் பதிந்த தடம் இருக்கிறது. கடித்தது யாரென்று ஊகிக்க அசிரியவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

பள்ளியின் அளவைப் பற்றிய கிரேமரின் படம் பின்னாளில் சற்று மாறியது. இலக்கியத்தில் ஆசிரியர், உதவியாசிரியர், பிரம்புக்குப் பொறுப்பானவர், வாசலுக்குப் பொறுப்பானவர் என்று வரிசையாக வருவதால் அவர் பெரிய நிறுவனத்தை மனத்தில் கொண்டிருந்தார். ஆனால் நிப்பூரில் 1950களின் தொடக்கத்தில் தோண்டப்பட்ட ‘எஃப் வீடு’ என்ற சிறு குடியிருப்பில் சுமார் 1,400 பலகைத் துண்டுகள் கிடைத்தன. பழைய பலகைகளை ஊறவைத்து மறுபடி பிசையும் தொட்டியும் இருந்தது. எலினார் ராப்சன் போன்ற ஆய்வாளர்கள் இந்தத் துண்டுகளைப் பிற்பாடு விரிவாக ஆராய்ந்தார்கள். ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் ஒருசில பிள்ளைகளுக்குக் கற்பித்த இடம் அது. நம் தாத்தாக்கள் படித்த திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது.

யாருடைய பிள்ளைகள் படித்தார்கள்? நிக்கோலாஸ் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1946இல் ஒரு கணக்கெடுத்தார். கி.மு. 2000ஐ ஒட்டிய ஆவணங்களில் தம்மை எழுத்தர் என்று குறித்துக்கொண்ட சுமார் 500 பேரின் தந்தையரைத் தேடிப் பார்த்தால் ஆளுநர்கள், தூதர்கள், கோயில் அதிகாரிகள், படைத் தலைவர்கள். உழவரின் பிள்ளையும் நெசவாளர் பிள்ளையும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பெண் ஒருவர்கூட இல்லை. பிற ஊர்களில் சில பெண் எழுத்தர்கள் இருந்தது பின்னர் தெரியவந்தது. விருந்து வைத்து மோதிரம் போட வசதியுள்ள அப்பாவின் மகன்தான் அடியிலிருந்து தப்பித்தான். இதை வகுப்பில் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

சட்டத் தொகுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 1952இல் இஸ்தான்புல்லில் இருந்த கிரேமருக்கு, முன்பு அங்கே பணியாற்றிய கிராவுஸ் என்ற அறிஞரிடமிருந்து கடிதம் வந்தது: 3191 எண்ணுள்ள பலகையைப் பாருங்கள், அதில் சட்டம்போல ஏதோ இருக்கிறது என்று. படித்துப் பார்த்தால், ஊர் நகரத்து அரசன் ஊர்-நம்மு பெயரிலான சட்டங்கள். ஹமுராபிக்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் முந்தையவை. ஹமுராபி சட்டத்தில் உயர்குடியினரிடையே ‘கண்ணுக்குக் கண்’. இந்தப் பழைய சட்டத்தில் உடல் காயத்துக்கு வெள்ளியாக இழப்பீடு. காலம் போகப் போகத் தண்டனை இளகும் என்று நாம் எண்ணுவதற்கு மாறாக இருக்கிறதே, ஏன் என்று மாணவர்களிடம் கேட்டால் ஒரு பாடவேளை விவாதத்திலேயே ஓடிவிடும். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. 1983இல், எண்பத்தைந்து வயதைக் கடந்த கிரேமர், இந்தச் சட்டத்தை இயற்றியது ஊர்-நம்முவா, அவன் மகன் ஷுல்கியா என்ற கேள்வியைத் தாமே எழுப்பி, மகன்தான் என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். தமக்குப் புகழ் தந்த கண்டுபிடிப்பின் பெயரையே மாற்றத் தயங்கவில்லை.

அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. பொதுமக்களுக்காக 1956இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் முதல் பள்ளி, முதல் சட்டம், முதல் உழவர் கையேடு என்று 25 ‘முதல்’களைப் பட்டியலிட்டார், பின்னர் வந்த பதிப்பில் அவை 39 ஆயின. எழுத்தில் கிடைத்த முதல் சான்று வேறு, உலகில் முதலில் நடந்தது வேறு. களிமண் அழியாது; ஓலையும் தோலும் அழிந்துபோகும். மாணவர்களிடம் ‘உலகின் முதல்’ என்று சொல்லும்போதெல்லாம் ‘இதுவரை கிடைத்த சான்றுகளில்’ என்று சேர்த்துச் சொல்வது நல்லது. சுமேரியர் புகழ்ந்த தில்முன் நாடு சிந்துவெளிப் பகுதியாக இருக்கலாம் என்றும் 1960களில் எழுதினார். நமக்குக் கேட்க இனிக்கும். ஆனால் தில்முன் என்பது பஹ்ரைனும் அதையொட்டிய கரையும்தான் என்பதே இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கிரேமர் 1990 நவம்பர் 26 அன்று பிலடெல்பியாவில் காலமானார்.

வகுப்பில் செய்ய எளிய செயல்பாடு ஒன்று. எட்டாம் வகுப்பிலிருந்து மேலே எந்த வகுப்புக்கும் பொருந்தும். மாணவர் அறியாத இருபது வரிக் கதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து மாணவர்களிடம் கொடுத்து ஆளுக்கொரு பிரதி கையால் எழுதச் சொல்லுங்கள். பிழை வந்தாலும் திருத்த வேண்டாம். ஐந்து தாள்களையும் ஒழுங்கில்லாமல் கிழியுங்கள். நாலைந்து துண்டுகளை எடுத்து ஒளித்துவையுங்கள். கதையின் முடிவு உள்ள துண்டுகள் ஐந்திலும் ஒளித்தவற்றில் சேரட்டும். மீதியை மூன்று குழுக்களுக்குக் கலந்து கொடுத்து, வகுப்பின் மூன்று மூலைகளில் உட்காரவைத்து, இஸ்தான்புல், பிலடெல்பியா, யேனா என்று பெயரிடுங்கள். துண்டுகளை இடம்மாற்றக் கூடாது. ஒரு குழுவிலிருந்து ஒருவர் மட்டும் மற்ற மூலைக்குப் போய்ப் பார்த்து எழுதி வரலாம். எழுதியவர்கள் ஐவரும் வாய் திறக்கக் கூடாது!

என் வகுப்பில் இதைச் செய்தபோது ‘வாள்’ என்று ஒரு பிரதியிலும் ‘வால்’ என்று இன்னொன்றிலும் இருந்தது. எது சரி என்று பெரிய சண்டை. மூன்றாவது பிரதியைத் தேடி ஓடினார்கள். கூடவே, முன்பின் வரியைப் படித்துத் தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு மாணவி கண்டுகொண்டாள். எப்போதும் கையெழுத்துக்காகத் திட்டு வாங்கும் ஒரு மாணவனின் பிரதிதான் பிழை குறைவாக இருந்தது என்பதும் அன்று வெளிப்பட்டது. கதையின் முடிவைக் குழுவுக்கு ஒன்றாக ஊகித்து எழுதினார்கள். மூன்றும் மூன்று விதம்.

மறைத்துவைத்த துண்டுகளை அன்றே காட்டிவிடாதீர்கள். நான் ஒரு வாரம் கழித்து ஒன்றை மட்டும் கொடுத்தேன். அதிலும் கடைசி வரி பாதிதான் இருந்தது.